நடுவில் இருந்த ஆறு ரெசிஸ்டர்கள்: ஒரு டிரான்ஸ்வெர்ட்டர் கோளாறு, தொடக்கம் முதல் தீர்வு வரை

பின்னணி

திசையன்விளைக்கும் உவரிக்கும் இடையில் உள்ள ஒரு ஊரில், 2024 மார்கழிக்கும் 2025 சித்திரைக்கும் இடையே நடந்தது இது. சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், அதனால் இல்லை. ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவது, இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். இன்னொருவர் அவரிடம் மோர்ஸ் கற்றுக்கொண்ட பக்கத்துத் தெரு மாணவர், பாளையங்கோட்டையில் பொறியியல் படிக்கிறார். இருவரிடமும் அமெச்சூர் வானொலி உரிமம் இருக்கிறது.

கடல் தாண்டி இலங்கைக்கு வானொலியில் பேச வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை. அது வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, நம்ம தெற்குக் கரையோர ஊர்களில் வசதி இருந்த வீடுகளில் உயரமாகப் பைப் நட்டு, பூஸ்டர் வைத்து, இலங்கை டிவி பார்த்தார்கள். கொடைக்கானல் கோபுரத்திலிருந்து படம் வருவதற்கு முந்தைய காலம் அது. அண்ணாச்சி அப்போது இளைஞர். ஊரில் பாதி ஆன்டெனாக்களைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். சில இரவுகளில் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்கும், மறுநாள் புள்ளிகளாகிப் போகும். ஏன் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது: கடலை ஒட்டிய குளிர்ந்த ஈரக் காற்றுக்கு மேலே சூடான வறண்ட காற்று படியும்போது, டிவிக்குப் பயன்படும் வி.ஹெச்.எஃப் அலை நேராக வானத்துக்குப் போகாமல் பூமியை ஒட்டியே வளைந்து போகும். உவரிக் கரையிலிருந்து கொழும்பு சுமார் 260 கி.மீ., நடுவில் ஒரு மேடுகூட இல்லை, மன்னார் வளைகுடாத் தண்ணீர் மட்டும்தான். டிவிக்கு வந்த வழியில் தன் குரலையும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட எண்ணம்.

அமைப்பு

அவரிடம் இருந்தது 30 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிற ஒரு எஸ்டிஆர், அதாவது மென்பொருள்வழி வானொலி. ஆன்டெனாவிலிருந்து வரும் அலையை அப்படியே எண்களாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும். திரையில் வாட்டர்ஃபால் ஓடும், அதாவது வரும் சிக்னல்களை நிறங்களாகக் காட்டும் படம். வெளியே 5 வாட் தரும். இரண்டு மீட்டர் பட்டைக்கு, அதாவது நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, அதனால் நேரடியாகப் போக முடியாது. அதற்குத்தான் டிரான்ஸ்வெர்ட்டர், ஒரு பட்டையை இன்னொரு பட்டையாக மாற்றும் பெட்டி. உள்ளே 116 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஆசிலேட்டர் ஓடுகிறது. எஸ்டிஆர் 28இல் கொடுத்தால் 28ம் 116ம் சேர்ந்து 144 ஆகி வெளியே போகும், 144இல் வருவது 116 கழிந்து 28 ஆக எஸ்டிஆருக்கு வரும். 28 முதல் 30 வரை உள்ள இரண்டு மெகாஹெர்ட்ஸ் நம் பட்டை முழுவதற்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

எஸ்டிஆருக்கும் டிரான்ஸ்வெர்ட்டருக்கும் நடுவில் ஒரே ஒரு கோஆக்ஸ் கேபிள், போக வர இரண்டுக்கும் அதுதான். டிரான்ஸ்வெர்ட்டரின் ஐ.எஃப் முனை, அதாவது எஸ்டிஆரோடு சேரும் 28 மெகாஹெர்ட்ஸ் முனை, 10 மில்லிவாட்டுக்கு மேல் தாங்காது. எஸ்டிஆரோ 5 வாட். அதனால் நடுவில் 20 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்றை, அதாவது சக்தியை நூறில் ஒரு பங்காகக் குறைக்கும் சாதனத்தை, மாணவர் செய்து கொடுத்தார். அரை வாட் 120 ஓம் ரெசிஸ்டர் ஆறு: இரண்டு ஒரு பக்கத்தில் தரைக்கு, அதாவது கிரவுண்டுக்கு (இணையாக, 60 ஓம்), இரண்டு நடுவில் வரிசையாக (240 ஓம்), இரண்டு மறுபக்கம் தரைக்கு (மறுபடியும் 60 ஓம்). சின்னத் தகர டப்பாவில் சுத்தமான சால்டர் வேலை. மென்பொருளில் டிரான்ஸ்வெர்ட்டர் பட்டைக்கு டிரைவ், அதாவது எஸ்டிஆர் வெளியே தரும் சக்தி, 10 சதவீதம் என்று வைத்தார்கள். அரை வாட் உள்ளே போய் 5 மில்லிவாட் வெளியே வரும். கணக்கு சரிதான்.

மாடியில் ஒன்பது எலிமென்ட் யாகி ஆன்டெனா, கடலைப் பார்த்து. எஸ்டிஆரின் பின்னால் கையால் திருகும் கோஆக்ஸ் ஸ்விட்ச் ஒன்று. ஒரு பக்கம் திருகினால் 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கான பழைய 10 மீட்டர் டைபோல் ஆன்டெனா, மறுபக்கம் டிரான்ஸ்வெர்ட்டர்.

முதலில் கவனித்தது

மார்கழியில் எல்லாம் கூட்டி முடித்தார்கள். வள்ளியூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் போனில் சொன்னார்: குரல் நன்றாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. அண்ணாச்சி பக்கம் கேட்பதுதான் மோசம். பக்கத்து ஊர்க்காரர் குரல் மட்டும் கேட்டது, அதற்கு மேல் யாரும் இல்லை. 144.174இல் எஃப்டி8, அதாவது மெல்லிய சிக்னலையும் கணினி படிக்கும் குறுஞ்செய்தி முறை, இரவெல்லாம் ஓடவிட்டும் திரை காலியாகவே இருந்தது. "ஒண்ணுமே வரமாட்டேங்கு தம்பி" என்று அண்ணாச்சி எனக்கு முதல் போன் போட்டது பொங்கல் கழிந்து. ட்ரோப்போ, அதாவது அலை பூமியை ஒட்டி வளைந்து போகும் அந்தப் பாதை, இன்னும் திறக்கவில்லை, மாசி பங்குனி வரட்டும் என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் தவறு என்று இப்போது தெரிகிறது. காது கேட்காத ரேடியோவுக்கும் அலை வராத வானத்துக்கும் திரையில் ஒரே தோற்றம்தான். அதைப் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடச் சோதனை இருக்கிறது, அதை நான் செய்யச் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் இரண்டாவது போன். இப்போது நிலைமை மாறியிருந்தது. கேட்பது கொஞ்சம் தேறியிருக்கிறது என்றார். ஆனால் வள்ளியூர் நண்பர், குரல் அகலமாகி இரண்டு பக்கமும் சிதறுகிறது, உடைகிறது என்கிறார். எஃப்டி8 மட்டும் சுத்தமாக இருக்கிறதாம். கூடவே லேப்டாப் திரையின் மூலையில் எஸ்டபிள்யூஆர், அதாவது அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண் (1 என்றால் எதுவும் திரும்பவில்லை), 5க்கு மேல் காட்டுகிறது, முன்பெல்லாம் 1க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மூன்று தகவல். மூன்றும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

எஸ்டபிள்யூஆர் ஏறிவிட்டது என்றதும் என் மனம் மாடிக்குத்தான் போனது. கடற்கரை ஊர். உப்புக் காற்றில் கனெக்டர் ஆறு மாதம் தாங்குவதே பெரிது. திருநெல்வேலியிலிருந்து காலை பஸ்ஸில் போய் இறங்கி, அண்ணாச்சி வீட்டில் இட்லி சாப்பிட்டு, நேராக மாடி ஏறினோம். நான் நினைத்த மாதிரியே யாகி முனையில் இருந்த கனெக்டரைத் திறந்தால் பின்னலில் பச்சை படிந்திருந்தது. ஒரு சாண் கேபிளை வெட்டித் தள்ளிவிட்டு, புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றினோம். மதியம் ஆகிவிட்டது, தகரம் கொதித்தது.

கையோடு கொண்டுபோயிருந்த நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா அளக்கும் சிறு கருவியில் கேபிளின் கீழ் முனையில் அளந்தேன். 144.2இல் எஸ்டபிள்யூஆர் 1.3. நல்ல ஆன்டெனா. சந்தோஷமாகக் கீழே வந்து எல்லாவற்றையும் மாட்டி, டிரான்ஸ்மிட் அழுத்தினால், திரையின் மூலையில் மறுபடியும் 5.3.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் மாணவரைப் பார்த்தேன். ஆன்டெனாவை இப்போதுதான் கையால் அளந்தோம், 1.3. அதே ஆன்டெனாவை மாட்டியிருக்கும்போது 5.3 என்கிறது திரை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாணவர்தான் மெதுவாகக் கேட்டார்:

"சார், எஸ்டிஆருக்கு யாகி இருக்கிறதே தெரியாதே. அது எப்படி அதோட எஸ்டபிள்யூஆரைச் சொல்லும்?"

கேஸ் திரும்பிய இடம் அதுதான். எஸ்டிஆரில் உள்ள மீட்டர் தன் வாசலில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. அதன் வாசலில் இருப்பது 28 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப் கேபிள். டிரான்ஸ்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் 144இல் யாகி இருந்தாலும் ஒன்றுதான், மொட்டைக் கம்பி இருந்தாலும் ஒன்றுதான், அந்த மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. நாங்கள் காலையிலிருந்து மாடியில் தேடியது கீழே மேசை மேல் இருந்தது.

அந்தப் பச்சை படிந்த கனெக்டரை மாற்றியது வீண் என்று சொல்ல மாட்டேன், அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது கிடைத்ததுதான் எங்களை இன்னும் இரண்டு மணி நேரம் தவறான திசையில் வைத்திருந்தது. தேடிப் போன இடத்தில் ஒரு குறை அகப்பட்டால், அதுதான் நாம் தேடிய குறை என்று மனம் உடனே நம்பிவிடுகிறது.

மேசை மேல் நடந்த சோதனை

முதலில், ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்வெர்ட்டரின் 144 முனையில் 50 ஓம் டம்மி லோடு, அதாவது ஆன்டெனாவுக்குப் பதில் நிற்கும் ரெசிஸ்டர், மாட்டினோம். வாட்டர்ஃபாலில் இரைச்சலின் அடிமட்டத்தைக் குறித்துக்கொண்டு, டிரான்ஸ்வெர்ட்டரின் 12 வோல்ட்டை நிறுத்தி, மறுபடி போட்டோம். நல்ல அமைப்பில் டிரான்ஸ்வெர்ட்டரைப் போட்டதும் இரைச்சல் குறைந்தது 10 டெசிபலாவது எகிற வேண்டும். அதன் முதல் கட்டத்தில் உள்ள டிரான்சிஸ்டரின் சொந்த இரைச்சலே பெருக்கப்பட்டு எஸ்டிஆரின் இரைச்சலை அமுக்கிவிட வேண்டும். இங்கே ஏறியது ஒன்றரை டெசிபல். அவ்வளவுதான்.

காரணம் காகிதத்திலேயே இருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. டிரான்ஸ்வெர்ட்டர் வரும் சிக்னலை 20 டெசிபல் பெருக்குகிறது. அடுத்தாற்போல் அட்டெனுவேட்டர் அதே 20 டெசிபலைக் குறைக்கிறது. மிச்சம் பூஜ்யம். போகும்போது டிரான்ஸ்வெர்ட்டரைக் காப்பாற்ற வைத்த பொருள், வரும்போது காதை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரே கேபிளில் இரண்டு வேலையும் நடக்கும்போது அட்டெனுவேட்டருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. மார்கழியிலிருந்து செவிடாக இருந்ததற்கு இதுவே முழு விளக்கம். பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போதே அமைப்பு செவிடு.

ஆனால் இது எஸ்டபிள்யூஆரையும் சிதறலையும் விளக்கவில்லை. கேட்பது நடுவில் தேறியதையும் விளக்கவில்லை.

அட்டெனுவேட்டரைக் கழற்றி, முந்நூறு ரூபாய் மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைத்தேன். இப்படி அட்டெனுவேட்டர் செய்யும் யாரும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம்: சரியாக இருக்கும் 50 ஓம் அட்டெனுவேட்டரை எங்கும் மாட்டாமல் தனியாக அளந்தால், 20 டெசிபல் போன்ற பெரிய மதிப்பில், எந்த முனையில் அளந்தாலும் கிட்டத்தட்ட 50 ஓம் காட்டும். இதில் 60 ஓமும், அதற்கு இணையாக 240ம் 60ம் சேர்ந்த 300 ஓமும் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து சரியாக 50.

எஸ்டிஆர் பக்க முனையில் மீட்டர் காட்டியது 300. மறுமுனையில் 60.

அதாவது எஸ்டிஆர் பக்கத்தில் தரைக்குப் போகும் இரண்டு ரெசிஸ்டரும் இல்லாதது மாதிரி ஆகிவிட்டன. டப்பாவின் மூடியைத் திறந்தோம். உள்ளே அடைந்து கிடந்த கருகிய வாசம் அப்போதுதான் வெளியே வந்தது. நான்கு ரெசிஸ்டர்கள் புதுசு போலப் பழுப்பு, சிவப்பு, பழுப்பு வளையங்களோடு இருந்தன. முதல் இரண்டில் வளையமே தெரியவில்லை, உடம்பு முழுக்க ஒரே கருப்பு. ஒன்றின் நடுவில் மயிரிழை விரிசல். டப்பாவின் சுவரில் அவை தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் தகரம் நீலம் பாய்ந்திருந்தது.

மாணவரின் முகம் சுருங்கிப் போயிற்று. "என் சால்டர்தான் சார்" என்றார். இல்லை. சால்டர் ஒவ்வொன்றும் பளபளவென்று அப்படியே இருந்தது. ரெசிஸ்டரைச் சுட்டது அதற்குள் ஓடிய சக்தி.

என்ன நடந்தது என்று கண்டுபிடித்தது

சக்தி எங்கிருந்து வந்தது? அரை வாட் டிரைவில் இது நடக்காது. 5 வாட் முழுதாகப் போயிருந்தால் நடக்கும். 20 டெசிபல் அட்டெனுவேட்டரில் உள்ளே வரும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முதல் 60 ஓமிலேயே சூடாகக் கரைகிறது. 5 வாட் என்றால் 4 வாட். இரண்டு ரெசிஸ்டருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 2 வாட். அவை அரை வாட் சாமான். நடுவில் உள்ள இரண்டும் தலைக்கு 0.4 வாட்தான் வாங்கியிருக்கும், அதனால் பிழைத்துக்கொண்டன. எரிந்ததும் எரியாததும் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது.

யார் எப்போது 5 வாட் கொடுத்தது என்பது மிச்சம். இதை நான் கேட்கவே தயங்கினேன். வயதில் மூத்தவரிடம், நீங்கள்தானே என்று எப்படிக் கேட்பது? மாணவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் "அண்ணாச்சி, கேட்பது நல்லாயிருக்கு என்று முதலில் தோன்றியது எந்தத் தேதி?" என்று மட்டும் கேட்டேன். அவர் லாக்கை, அதாவது வானொலிப் பதிவேட்டை, திறந்தார். ஜனவரி கடைசி ஞாயிறு இரவு. அதற்கு மேலே அவர் விரல் தானாக நின்றது. அதே ஞாயிறு சாயங்காலம், 28.074, எஃப்டி8, 10 மீட்டர். சூரியச் சுழற்சி உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை, 10 மீட்டரில் உலகமே கேட்கும். ஆனால் அன்றைக்கு நாற்பது நிமிடம் கூப்பிட்டிருக்கிறார், ஒருவரும் பதில் சொல்லவில்லை. "பேண்டு மூடிட்டு" என்று பக்கத்தில் தன் கையால் எழுதியிருந்தார்.

பேண்டு மூடவில்லை. கோஆக்ஸ் ஸ்விட்ச் டிரான்ஸ்வெர்ட்டர் பக்கமே இருந்தது.

லேப்டாப்பில் 10 மீட்டர் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் அந்தப் பட்டைக்கு உரிய டிரைவை எடுத்துக்கொண்டது, அது 100 சதவீதம். டிரைவ் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. டிரான்ஸ்வெர்ட்டருக்கு வைத்த 10 சதவீதம், டிரான்ஸ்வெர்ட்டர் பட்டையைத் தேர்ந்தெடுத்தால்தான் காப்பாற்றும். எஃப்டி8இல் ஒவ்வொரு முறையும் 12.6 விநாடி இடைவிடாமல் முழு சக்தி. நாற்பது நிமிடம். இதற்கிடையில் டிரான்ஸ்வெர்ட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, அவருடைய அழைப்பை 144.074இல் கடலை நோக்கி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே கேட்க யாரும் இல்லை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மாணவரைப் பார்த்து, "ஏல, உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல" என்றார். அதைச் சொல்ல அவர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இதை எழுதச் சம்மதித்ததும் அவர்தான்.

மூன்று தகவலும் ஒன்றாகச் சேர்ந்த விதம்

இனி எல்லாம் எளிது. முதல் 60 ஓம் போய்விட்டால் எஸ்டிஆர் பார்ப்பது 50 ஓம் இல்லை, 267 ஓம். எஸ்டபிள்யூஆர் 5.3. திரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் வேறு பொருளின் அளவு என்று எடுத்துக்கொண்டோம்.

கருகிய அட்டெனுவேட்டர் அதிகமாகத் தடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். நானோவிஎன்ஏ 15.3 டெசிபல் என்றது. தரைக்கு வடிகிற வழி அடைந்துவிட்டதால், சக்தி முன்னைவிட அதிகமாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. அரை வாட் கொடுத்தால் 5 மில்லிவாட் வர வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 15 வந்தது. டிரான்ஸ்வெர்ட்டரின் வரம்பு 10. குரலின் உச்சங்களில், 28ஐயும் 116ஐயும் சேர்க்கும் மிக்ஸர் திணறி, அகலமாகச் சிதறியது. எஃப்டி8இல் மட்டும் தெரியாமல் போனதற்கும் இதுவே காரணம். அது ஒரே நேரத்தில் ஒரே தொனி, ஏற்ற இறக்கம் இல்லாத அலை. சேர்ந்து கலங்க இன்னொரு தொனி அதில் இல்லை. பேச்சில் நூறு தொனி சேர்ந்திருக்கும்.

அதே 4.6 டெசிபல்தான் வரும் வழியிலும் கூடியது. கேட்பது தேறியது உண்மையே. கோளாறு வந்த நாளில் ஒரு விஷயம் நன்றாக ஆனதால், கோளாறு வந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. இந்த நிகழ்விலேயே என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

எடுத்த முடிவுகள்

முதலில், போகும் வழியையும் வரும் வழியையும் பிரித்தோம். டிரான்ஸ்வெர்ட்டர் பலகையில் அதற்கு ஏற்கெனவே இடம் இருந்தது. ஒரு இணைப்பை வெட்டி இரண்டாவது கனெக்டர் போட்டால் போதும். எஸ்டிஆரிலும் கேட்பதற்கு மட்டும் தனி முனை உண்டு. அட்டெனுவேட்டர் இனி அனுப்பும் கேபிளில் மட்டும்.

இரண்டாவதாக, அட்டெனுவேட்டரைப் புதிதாகச் செய்தோம். அரை வாட்டுக்கு மேல் கொடுக்கவே மாட்டோம் என்று நம்பி அல்ல, 5 வாட்டும் இரவெல்லாம் போனாலும் தாங்க வேண்டும் என்று. முதல் 60 ஓமுக்கு 300 ஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் ஐந்து இணையாக. மற்ற நான்கும் 2 வாட் 120 ஓம். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், 28 மெகாஹெர்ட்ஸில் அது சுருளாகிவிடும். இதையும் மாணவர்தான் செய்ய வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதமாக இருந்தார். அந்தக் காட்சியில் எனக்கும் நிறைவுதான். 5 வாட் கொடுத்து அப்படியே விட்டுப் பார்த்தோம், தொட முடியாத அளவு சுட்டது, மதிப்பு மாறவில்லை. 5 வாட் தவறிப் போனால் டிரான்ஸ்வெர்ட்டருக்கு 50 மில்லிவாட் போகும். அது வரம்புக்கு மேல்தான். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் அது வாங்கியது அதற்குக் குறையாதது, மிக்ஸர் பிழைத்திருந்தது. இன்னும் 6 டெசிபல் கூட்டலாமா என்று பேசினோம். சாதாரண டிரைவ் போதாமல் போகும் என்று விட்டுவிட்டோம். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

வாங்க இருந்த ஒன்றை வாங்காமல் விட்டதையும் சொல்ல வேண்டும். மாடியில் ஆன்டெனா பக்கத்திலேயே வைத்து வரும் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்கு அண்ணாச்சி பணம் எடுத்து வைத்திருந்தார். வாங்க வேண்டாம் என்று போனில் சொன்னது நான்தான். மாட்டியிருந்தால் கேட்பது உண்மையில் தேறியிருக்கும். அட்டெனுவேட்டர் தின்றதை ப்ரீஆம்ப் ஈடுகட்டியிருக்கும். குறை உள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் வலுவான சிக்னல் வரும்போது எல்லாம் ஒன்றோடொன்று கலங்கும்.

பிறகு நடந்தது

பிரித்து மாட்டிய அன்று அதே டம்மி லோடு சோதனை. டிரான்ஸ்வெர்ட்டரைப் போட்டதும் வாட்டர்ஃபாலின் அடிமட்டம் கிட்டத்தட்ட 12 டெசிபல் எகிறியது. கருநீலமாக இருந்த திரை வெளிறிப் போயிற்று. எஸ்டிஆரின் சொந்தப் பெருக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். வள்ளியூர் நண்பர் குரல் பழையபடி ஒல்லியாகிவிட்டது என்றார்.

காது திறந்ததும் வேறு தொல்லைகள் கேட்கத் தொடங்கின. 144.074 பக்கத்தில் எஃப்டி8 சத்தம் குவிந்து கிடந்தது. டிரான்ஸ்வெர்ட்டரை நிறுத்தினாலும் அது போகவில்லை என்பதால் பதில் உடனே தெரிந்தது: 10 மீட்டர் நிலையங்கள் 28.074இல் நேராக ஐ.எஃப் கேபிளுக்குள் கசிகின்றன. மெல்லிசான பழைய கேபிளை எடுத்துவிட்டு, இரட்டைப் பின்னல் கேபிளில் இரண்டு சாண் துண்டு போட்டதும் அடங்கியது. லேப்டாப் சார்ஜரின் இரைச்சலுக்கு ஃபெரைட் வளையம்.

ஆசிலேட்டர் வழுக்கல், அதாவது சூட்டில் அதன் அதிர்வெண் நகர்வது, மட்டும் பாதிதான் தீர்ந்தது. டிரான்ஸ்வெர்ட்டர் இருந்த தகர ஷெட்டில் காலை ஏழுக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவே 900 ஹெர்ட்ஸ் நகர்ந்தது. எஃப்டி8இன் ஒரு சிக்னல் மொத்தமே 50 ஹெர்ட்ஸ் அகலம். அதை அண்ணாச்சியின் அறைக்குக் கொண்டுவந்த பிறகு 150 ஆகிவிட்டது. நல்ல ஆசிலேட்டர் ஒன்று வாங்கிப் போட வேண்டும், இன்னும் போடவில்லை.

ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்து சில நாள், காற்று அசையாத ஒரு இரவு. பதினோரு மணிக்கு மாணவரிடமிருந்து போன். பின்னால் அண்ணாச்சியின் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. 144.174இல் 4எஸ்7 என்று தொடங்கும் ஒரு இலங்கை அழைப்புக்குறி திரையில் வந்திருக்கிறது, சிக்னல் அளவு மைனஸ் 14 டெசிபல். அண்ணாச்சி பதில் அனுப்ப, இரண்டு நிமிடத்தில் பரிமாற்றம் முடிந்துவிட்டது. வானொலிக்காரர்களின் வரைபடக் கட்டங்களில், நம்முடைய எம்ஜே88இலிருந்து கொழும்பு இருக்கும் எம்ஜே96க்கு. அரை மணி நேரத்தில் பாதை மூடிவிட்டது. குரலில் பேச முடியவில்லை. அதற்கு இன்னொரு நல்ல இரவு வேண்டும், அண்ணாச்சி காத்திருக்கிறார்.

இனி மாற்றிச் செய்வது

இன்னொரு வீட்டில் இதே குறை என்று கூப்பிட்டால், நான் மாடி ஏறும் முன் லாக்கைக் கேட்பேன். என்ன வேலை செய்யவில்லை என்பதைவிட, எந்தத் தேதிக்குப் பிறகு என்ன மாறியது, நல்லதாக மாறியது உட்பட, என்று கேட்பேன். அப்புறம் டம்மி லோடு, டிரான்ஸ்வெர்ட்டரின் ஸ்விட்ச், வாட்டர்ஃபால். போனிலேயே செய்யச் சொல்லலாம். திரையில் ஒரு எண்ணைப் பார்த்தால் அந்த மீட்டர் எந்த வாசலில் நிற்கிறது என்று முதலில் கேட்பேன். இரண்டு நல்ல பெட்டிகளுக்கு நடுவில் நாம் கையால் செய்து வைத்த பொருளை, பெட்டிகளுக்கு முன்னால் சந்தேகிப்பேன்.

அண்ணாச்சி தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறார். கோஆக்ஸ் ஸ்விட்சின் பக்கத்தில், பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில், "10க்கு முன் திருகு" என்று வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். மாதம் முதல் தேதி அட்டெனுவேட்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்ப்பது மாணவரின் வேலை. கடைசியாகப் பார்த்தபோது இரண்டு முனையிலும் 50.